வலது ஓரத்துத் தொட்டி

என் தங்கை தாமரைச்செல்வி படம் எடுக்க நிற்கும்போது அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு கறுப்பு நூலில் லென்ஸ் மூடி தொங்கும். அது தொங்குவதைப் பார்த்த பிறகுதான் பொத்தானை அமுக்குவாள். அவளுடைய கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற துளை தனி, லென்ஸ் தனி. லென்ஸ் மூடியிருந்தாலும் துளையில் எல்லாம் பளிச்சென்று தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் அறுநூற்று இருபது பேரை ஐந்து வரிசையில் நிற்கவைத்து, மூடியைக் கழற்றாமலே ஒரு ரோல் முழுவதும் எடுத்துவிட்டாள். கழுவிப் பார்த்தால் பிலிம் வெறுமையாக இருந்தது.

வேறு யாராவது என்றால் பிலிம் மட்டம், கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருப்பார்கள். இவள் மறுநாள் காலையில் முதல்வரின் அறைக்குப் போய், "மூடியக் கழட்ட மறந்துட்டேன் சார். தப்பு என்னோடது" என்றாள். முதல்வர், "நல்லவேளை, நீ ஆபரேஷன் பண்ற டாக்டரா இல்லம்மா" என்று சொல்லி, அறுநூற்று இருபது பேரையும் மறுபடி வெயிலில் நிறுத்தினார். அந்தக் கல்லூரி இன்றுவரை அவளைத்தான் கூப்பிடுகிறது.

எதிலாவது கோளாறு என்றால் முதலில் தன்னிடம் தேடுவாள். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் போன வருடம் அந்தக் குணத்தாலேயே ஒரு வீட்டில் நான்கு பேர் செத்திருப்பார்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். அப்பா பெயர் காளை, பருத்திக்காடு வைத்திருந்தார். நான் எட்டாவதோடு நிறுத்திவிட்டு ஆரப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். செல்வி எனக்கு ஒன்பது வயது இளையவள். பட்டப்படிப்பு முடித்து, நகரத்தில் கல்லூரிக் குழுப் படங்களைக் கழுவிப் பிரதி போடும் ஒரு லேபில் வேலைக்குப் போனாள். நீளப்படத்தின் மேல் அவளுக்கு ஆசை வந்தது அங்கேதான். ஆறடி நீளத்தில் ஒரே காகிதத்தில் ஒரு கல்லூரியே நிற்கும். எந்த முகத்தைத் தேடினாலும் மூக்கு, கண்ணோடு கிடைக்கும். செல்போனைச் சுழற்றி எடுத்தால் நடுவில் எவனாவது அசைந்து, அவனுக்கு இரண்டு தலை வந்துவிடும்.

கட்டடங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மகனோடு வெளிநாடு போனபோது தன்னுடைய வைடு லென்ஸை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். லென்ஸ் மட்டும்தான். அதற்கு உடம்பு நான் செய்தேன். அலுமினியத்தில் கூம்பு, பிலிம் ஓடும் பாதை, பிலிமைப் பின்னாலிருந்து சமமாக அழுத்திப் பிடிக்கும் தகடு. லென்ஸுக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் முடி அளவு மாறினாலும் படம் மங்கிவிடும். நாலு முறை கடைந்து ஐந்தாவது முறை சரியாக வந்தது. ஒரு படம் பிலிமில் பதினேழு சென்டிமீட்டர் நீளம். ஒரு ரோலுக்கு நான்கே படம்.

அந்த லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். நேராக நின்று இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு அறையின் மூலையைப் போல விரித்தால் அதற்குள் இருப்பது எல்லாம் படத்தில் வந்துவிடும். அதனால் இரண்டு தொல்லை. ஒன்று, ஓரத்துக்கு வெளிச்சம் போய்ச் சேராது, இருண்டுவிடும். அதற்கு, நடுவில் கறுத்தும் ஓரத்தில் தெளிந்தும் இருக்கும் ஒரு வட்டக் கண்ணாடியை முன்னால் மாட்டுவாள். இரண்டாவது, ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருள் பக்கவாட்டில் இழுபட்டுக் கொழுத்துத் தெரியும். கல்லூரிகளில் பையன்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "மாப்ள, நீ ஒல்லியா இருக்க, ஓரத்துல போய் நில்லு, சதை போட்ரும்" என்று ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள்.

ஆனால் நேர்க்கோடு நேர்க்கோடாகத்தான் வரும். கேமராவை ரசமட்டம் பார்த்து நிறுத்தியிருந்தால், ஓரத்தில் நிற்கும் கம்பமும் நடுவில் நிற்கும் கம்பம் போலவே நிமிர்ந்து நிற்கும். இதை அவள் எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள். அவளே இதை நம்பாமல் போனாள். நானும் நம்பவில்லை.

ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி தேன்மலர் நகர் என்று ஒரு மனைப்பிரிவு போட்டிருந்தார்கள். முப்பது வீடு வரை குடி வந்துவிட்டது. மிச்ச மனைகளை விற்க, ஆபீஸ் சுவர் முழுவதும் மாட்டுகிற மாதிரி ஒரு நீளப்படம் கேட்டார்கள். மேனேஜர் பெயர் அழகுபாண்டி. சிரித்த முகம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தை மாதம் செல்வி அவர்கள் ஆபீஸ் மொட்டை மாடியில் கேமராவை நிறுத்தி எடுத்தாள். படத்தின் இடது ஓரத்தில் நுழைவு வளைவு, நடுவில் தெருக்கள், வலது ஓரத்தில் ஐம்பது அடி உயரத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அந்தப் பக்கம் படத்தில் ஒன்றும் இல்லை. காகிதம் அங்கே முடிந்துவிடுகிறது.

ஆறடிப் படத்தை மாட்டிய அன்றே அழகுபாண்டி போன் போட்டுவிட்டார். அவள் போனாள். நானும் உடன் போயிருந்தேன்.

"என்னம்மா, தொட்டி கோணையா நிக்கிது? தண்ணி போட்ட மாதிரி?"

செல்வி பக்கத்தில் போய்ப் பார்த்தாள். படத்தின் விளிம்பு பக்கத்திலேயே இருந்ததால் தெரிந்தது. விளிம்பு நேராக இறங்கியது, தொட்டியின் தூண் மேலே போகப் போக வெளிப்பக்கம் சாய்ந்தது. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்.

"அது தொட்டி இல்ல சார், எங்க கேமரா. ஓரத்துல பிலிம் லேசா எந்திரிச்சிருக்கும். வைடு லென்ஸ்ல ஓரத்துல சின்னக் கோளாறு இருந்தாலும் பெருசாக் காட்டிரும்."

"அப்ப எங்க தொட்டில ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்ல சார். தப்பு எங்களோடது."

"அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துரும்மா. மொதலாளி பாத்தா என்னையப் புடிச்சுக் காய்ச்சுவாரு."

அங்கேயே உட்கார்ந்து நாலு வரி எழுதினாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். 'வலது ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி சாய்ந்து தெரிவது என் கேமராவின் குறையால். தொட்டியின் குறை அல்ல.' கீழே பெயர், தேதி. அழகுபாண்டி அதை ஒரு கவரில் போட்டு மேஜைக்குள் வைத்தார்.

பட்டறைக்கு வந்ததும் கேமராவைப் பிரித்தேன். அழுத்துத் தகட்டின் ஒரு மூலையில் லேசாகப் பள்ளம் இருப்பது போல எனக்குப் பட்டது. இருந்ததா, இருக்க வேண்டும் என்று நான் நினைத்ததால் தெரிந்ததா, இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. புதுத் தகடு செய்து மாட்டினேன்.

சித்திரையில் மறுபடி கூப்பிட்டார்கள். புதிதாக ஏழு வீடு எழும்பியிருந்தது. அதே மாடி, அதே இடம். செல்வி டிரைபாடு கால்களுக்குத் தளத்தில் பெயின்டால் அடையாளம் வைத்திருந்தாள். நெகட்டிவ் காய்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இன்னும் கூடியிருக்கு."

விளக்குக் கண்ணாடியில் நெகட்டிவை வைத்து, பூதக்கண்ணாடியும் வெர்னியர் அளவுகோலும் வைத்து அளந்தேன். தொட்டியின் அடிக்கும் தலைக்கும் உள்ள விலகல் தையில் எடுத்த பிலிமில் 0.2 மில்லிமீட்டர். இப்போது 0.35. என் நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டேன். மனம் விட்டுப்போயிற்று. நான் செய்த புதுத் தகடு பழைய தகட்டைவிட மோசம் என்றுதானே அர்த்தம்?

"விடுண்ணே. ஓரத்த வெட்டிட்டுக் குடுத்துர்றேன். யாருக்கும் தெரியாது."

தொட்டி இல்லாமல் அந்தப் படம் போயிற்று. யாரும் கேட்கவில்லை. நான் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பட்டறையிலேயே கண்ணாடி மாதிரி தேய்த்த ஒரு எஃகுத் தகட்டில் மூன்றாவது முறை செய்தேன்.

புரட்டாசியில் மூன்றாவது படம். 0.6.

நெகட்டிவை அவளிடம் கொடுத்துவிட்டு வெர்னியரைப் பெட்டியில் போட்டு மூடினேன். முப்பது வருடம் லேத்தில் நின்றவன். என் கையே எனக்கு அந்நியமாகிவிட்டது போல இருந்தது. செல்வி மூன்று நெகட்டிவையும் ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் வைத்த டீ பொங்கி வழிந்தது, அவள் திரும்பவில்லை.

"அண்ணே, ரசமட்டம் சரியா இருக்கான்னு எப்படிப் பாப்ப?"

"ஒருவாட்டி வச்சுப் பாத்துட்டு, அப்படியே முன்பின்னா மாத்தி வைப்பேன். நீர்க்குமிழி அதே எடத்துல நின்னா மட்டம் நல்லாருக்கு, தரைதான் கோணல்."

"அப்ப கேமராவயும் மாத்தி வைப்பம்."

மறுநாள் காலை அந்த மொட்டை மாடிக்குப் போனோம். ஒரு சாக்கில் மணல் கட்டிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, அதன் மேல் கேமராவைத் தலைகீழாகக் கிடத்தினாள். இப்படி வைத்தால் தொட்டியின் உருவம் பிலிமின் மறு முனையில் விழும். நான் செய்த தகட்டின் கெட்ட மூலைக்கு நுழைவு வளைவு போய்விடும். கோளாறு கேமராவில் என்றால் இந்தத் தடவை வளைவு சாய வேண்டும், தொட்டி நிமிர வேண்டும். அவள் ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டில் மூடியைப் பார்த்தாள். அமுக்கினாள்.

மதியத்துக்குள் கழுவிவிட்டாள். வளைவு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. தொட்டி சாய்ந்திருந்தது. அதே 0.6.

அந்தப் பிலிமில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தொட்டி நிற்கிற தூரத்தில் ரெண்டேகால் அடிக்கு மேல் கொஞ்சம் வரும். நோட்டில் கணக்குப் போட்டேன். தையில் ஐந்து அங்குலம். சித்திரையில் ஒன்பது. இப்போது பதினாறு.

செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எட்டு மாசம்ணே" என்றாள். "எட்டு மாசமா அது சொல்லுது. நான் கைப்பட எழுதிக் குடுத்துருக்கேன், அது பொய்யின்னு."

சாயங்காலத்துக்குள் தொட்டியடிக்குப் போனோம். கிட்டப் போய் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய பொருளின் காலடியில் நின்று அண்ணாந்தால் எல்லாமே நம் மேல் விழுவது போலத்தான் இருக்கும். அந்தப் பக்கம், எங்கள் படத்தில் காகிதம் முடிந்துபோகிற பக்கம், தொட்டியிலிருந்து முப்பது அடியில் ஒரு ஆஸ்பெட்டாஸ் கூரை வீடு இருந்தது. நான் அன்றுதான் அந்த வீட்டை முதன்முதலாகக் கவனித்தேன். மனைப்பிரிவு வாட்ச்மேன் சுருளியும், மனைவி கனகாவும், இரண்டு பெண் பிள்ளைகளும் குடியிருக்கிறார்கள். தொட்டி அந்த வீட்டைப் பார்த்துத்தான் சாய்ந்திருந்தது.

குழாயடியில் கனகா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் போடுகிற சோணை, அறுபது வயது ஆள், தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாயின் மூட்டில் கித்தான் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஒழுகுதா?" என்று செல்வி கேட்டாள்.

"அத ஏன் தாயி கேக்குற. ஆடியிலருந்து நாலாவது தடவ சுத்துறேன். எம்புட்டு இறுக்குனாலும் பத்து நாள்ல பிதுங்கிருது. கை நடுங்குற வயசாயிருச்சுன்னு மேனேஜர் வையிறாரு. அவரு சொல்றதும் சரிதான்."

கனகா சிரித்தாள். "எங்க வீட்டு ஆம்பளையும் அப்படித்தான்க்கா. கதவு ஒட்டுது ஒட்டுதுன்னு ரெண்டு தடவ எளச்சுவிட்டாரு. இப்ப மறுபடி ஒட்டுது. கதவு மாட்டத் தெரியாதவரு கொத்தனார் வேலைக்குப் போனாராம், நல்லவேளை வாட்ச்மேன் ஆனாரு."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு முறை தகடு மாற்றினேன். இந்த மனிதர் நான்கு முறை கித்தான் சுற்றினார். அந்த மனிதன் இரண்டு முறை கதவை இழைத்தான்.

"சோணையண்ணே, இந்த எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"இதா? ஊருணில்ல. சின்னப் பிள்ளைல இங்கனதான் நீச்சப் பழகுனேன். ஆள் ஆழம். ரெண்டு மாசத்துல லாரி மண்ணக் கொட்டி மூடிப்புட்டாங்கெ."

நான் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தேன். முப்பது தப்படி தள்ளி நின்று, ஒரு மூங்கிலில் நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். செல்வி கனகாவின் தோளைப் பிடித்து நூலுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"ஒரு கண்ண மூடு. நூலையும் தொட்டித் தூணையும் ஒண்ணாச் சேத்துப் பாரு. அடியில சேருதா?"

"சேருது."

"அப்படியே மேல போ."

கனகாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. கண் மேலே போகப் போக அது நின்றுவிட்டது. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளைகள் எங்கே என்று தேடிப் போனாள்.

மறுநாள் அழகுபாண்டியின் ஆபீசுக்கு நான்கு நெகட்டிவையும் அளவு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனோம். குடியிருப்பவர்களில் பத்துப் பதினைந்து பேர் வேறு ஏதோ குறை சொல்ல வந்து உட்கார்ந்திருந்தார்கள். செல்வி எல்லோர் முன்னாலும் சொன்னாள். தொட்டி சாய்கிறது, வேகம் கூடுகிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் தண்ணீரை இறக்கி, சுருளி குடும்பத்தை அப்புறப்படுத்த வேண்டும்.

அழகுபாண்டி கோபப்படவில்லை. மேஜையைத் திறந்து கவரை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். 'வலது ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி சாய்ந்து தெரிவது என் கேமராவின் குறையால். தொட்டியின் குறை அல்ல.'

"இது யாரு கையெழுத்தும்மா?"

"என்னோடதுதான்."

"தையில கேமரா கோளாறு. புரட்டாசில தொட்டி கோளாறா? அடுத்து என்ன, சூரியன் கோளாறா?"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "வைடு லென்ஸ்ல எடுத்தா எம்பொண்டாட்டி கூடத்தான் சாஞ்சு தெரியிறா" என்றார். அதற்கும் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கடன்பட்டு வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருடம் ஆகவில்லை. கேமரா பொய் சொல்கிறது என்பதைத்தான் அவர்கள் நம்ப விரும்பினார்கள். நாங்களும் எட்டு மாதம் அதைத்தான் நம்பியிருந்தோம்.

செல்வி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "சார், அப்ப எழுதினது தப்பு. மூடிய நான் இப்பத்தான் கழட்டியிருக்கேன்" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அதிகாரிகளுக்கு மனு எழுதினாள். நெகட்டிவின் பிரதிகளை, அளவுகளோடு, மூன்று இடங்களுக்கு அனுப்பினாள். பார்க்கிறோம் என்றார்கள். அதற்குள் சோணை தானாக ஒரு காரியம் செய்தார். யாரிடமும் கேட்காமல், தொட்டியை முழுவதும் நிரப்புவதை நிறுத்தினார். கால் பங்கு ஏறியதும் மோட்டாரை அணைத்துவிடுவார். தண்ணீர் பற்றவில்லை என்று தெருவில் சண்டை வந்தது. "மோட்டாரு மக்கர் பண்ணுது" என்று சொல்லிக்கொண்டே திட்டு வாங்கினார்.

கனகாவையும் பிள்ளைகளையும் செல்வி தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சுருளி வரவில்லை. "வாட்ச்மேன் வீட்டவிட்டுப் போனா அன்னிக்கே வேற ஆளப் போட்ருவாங்கெக்கா. நான் பகல்லதான் தூங்குவேன். தொட்டி விழுந்தா எந்திரிச்சு ஓட மாட்டனா?" என்றான். கனகா அவனைப் பார்த்து, "ஓட மாட்ட. நீ கதவத் தெறக்கவே கா மணி நேரம் ஆகும்" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான்.

ஒவ்வொரு ஞாயிறும், ஆபீஸ் பூட்டியிருக்கும் நேரத்தில், அதே மாடிக்குப் போய்ப் படம் எடுத்து அளந்தோம். 0.65. அடுத்த வாரம் 0.7. ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் புதன்கிழமை, மழை விட்ட காலை, செல்வி ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தொட்டியைச் சுற்றிலும் தரை சொதசொதவென்று இருந்தது. தூண்களின் அடியில் போட்டிருந்த சிமென்ட் தளம் ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் அமுங்கி, நடுவில் கை நுழையும் அளவு வாய் பிளந்திருந்தது. சோணை குழாயடியில் நின்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு மணியிலருந்து முனகுது தாயி" என்றார். நாங்களும் கேட்டோம். ஈரமான கயிற்றுக் கட்டிலில் ஆள் புரளுகிற மாதிரி ஒரு சத்தம். நிற்கும். மறுபடி வரும்.

"சுருளி எங்கண்ணே?"

"இப்பத்தான் உள்ள போய்ப் படுத்தான். சொன்னாக் கேக்கல."

செல்வி ஓடினாள். கேமராப் பையைக்கூட இறக்கவில்லை. கதவைத் தட்டினாள். சுருளி உள்ளேயிருந்து, "வாரேன், வாரேன்" என்றான். தாழ் விலகும் சத்தம் கேட்டது. கதவு அசையவில்லை. இழுத்தான், உதைத்தான். நிலையின் மேல்மூலை கதவைக் கடித்துப் பிடித்திருந்தது. அந்த வீட்டுக்கு ஒரு ஜன்னல்தான், கம்பி போட்டது. அதில் அவன் முகம் தெரிந்தது. அதுவரை எல்லாவற்றையும் சிரித்தே சமாளித்தவன், "அக்கா, தெறக்க மாட்டேங்குதுக்கா" என்று குழந்தை மாதிரி சொன்னான்.

சோணை கடப்பாரையோடு வந்தார். கை நடுங்குகிறது என்று திட்டு வாங்கிய மனிதர் ஒரே குத்தில் கீழ்க்கீலைப் பெயர்த்தார். மேல்கீல் பெயரவில்லை. நானும் செல்வியும் பலகையின் அடியைப் பிடித்து வெளியே மடக்கி இழுத்தோம். ஒரு ஆள் ஊர்ந்து வரும் அளவுக்குத்தான் இடைவெளி கிடைத்தது. சுருளி தோள் உரிய வெளியே வந்தான். எழுந்ததும் மறுபடி குனிந்து, கையை உள்ளே விட்டு, பிள்ளைகள் விட்டுப்போன பழைய ஸ்கூல் பையைத் தேடினான். செல்வி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ரோட்டுக்கு வந்து நின்றபோது மணி பத்து இருபது. முனகல் நின்றிருந்தது. காகங்கள் கூடக் கத்தவில்லை. தொட்டி அவசரம் ஒன்றும் இல்லாததுபோல மெதுவாக வலது பக்கம் போனது. போகப் போக வேகம் எடுத்தது. ஆஸ்பெட்டாஸ் கூரை உடைந்த சத்தத்தை நான் தனியாகக் கேட்கவில்லை. எல்லாம் ஒரே சத்தம். பிறகு கால் பங்கு தண்ணீரும் சேறும் எங்கள் கணுக்கால் வரை வந்து நின்றது.

சுருளி உட்கார்ந்து, "கதவு... கதவு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கையில் ஒரு ஸ்கூல் பை இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை.

விசாரணை நடந்தது. செல்வியின் நெகட்டிவ்களை வாங்கிப் பார்த்த அதிகாரி முதலில் கேட்டது அந்தக் கடிதத்தைப் பற்றித்தான். மனைப்பிரிவுக்காரர்கள் அதைத்தான் முதல் பக்கமாக வைத்திருந்தார்கள். "நீங்கதான எழுதுனது?" என்றார். பக்கத்தில் இருந்த நான், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று சொல்லலாமே என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. "நான்தான் சார் எழுதினேன். தப்பா எழுதினேன்" என்றாள். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. கடிதமும் நெகட்டிவும் ஒரே கோப்புக்குள் இருக்கின்றன.

கனகாவும் சுருளியும் இப்போது செல்வி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறார்கள். சுருளி எந்த வீட்டுக்குப் போனாலும் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான்.

செல்வி பழையபடி கல்லூரிகளுக்குப் போகிறாள். ஒரு மாற்றம். இப்போதெல்லாம் கட்டடம் வருகிற படம் என்றால், ஓரத்தில் ஒரு மூங்கிலில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, அதையும் சேர்த்தே எடுக்கிறாள். எதற்கு என்று கேட்பவர்களிடம், "எனக்குத்தான் சார்" என்கிறாள்.

இன்னொன்றும் செய்கிறாள். பதினோரு வருட நெகட்டிவ்கள் அவளிடம் இருக்கின்றன. அழகாக இல்லை, கோணல், லென்ஸ் இழுத்துவிட்டது என்று அவள் ஓரத்தை வெட்டிவிட்டுப் பிரதி போட்ட படங்கள் அதில் நிறைய. வெட்டியது காகிதத்தில்தான். பிலிமில் ஓரம் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் வெர்னியரோடு போய்விடுவேன். ஒவ்வொரு ரோலாக விளக்குக் கண்ணாடியில் வைத்து, இரண்டு ஓரத்தையும் அளக்கிறோம். நாற்பத்தொரு ரோல் முடிந்திருக்கிறது. நேராக இருப்பதைப் பழைய பெட்டியிலேயே போட்டுவிடுவாள்.

போன வாரம் ஒன்றைத் தனியே எடுத்துவைத்தாள். நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு பள்ளிக்கூடத்துப் படம். பிள்ளைகள் ஆறு வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், இடது ஓரத்தில், ஒரு நீளமான மதில். 0.3.

"உன் தகடா இருக்குமோண்ணே?" என்றாள். கேட்கும்போதே நூலையும் குண்டையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.